சாம்பிள் பாட்டிலோடு ஆள் வந்துவிட்டார்: மீன், நண்டு ஆலைக் கழிவுநீரில் பிழை தேடும் வழி

மண்டபத்திலிருந்து தொண்டி வரை மீன், நண்டு, கணவாய் பதப்படுத்தும் சின்ன ஆலைகளில் கழிவுநீர்த் தொட்டி பார்த்துக் கொடுப்பது என் வேலை. எனக்குப் போன் வருவது பெரும்பாலும் இரண்டு நாட்களில்தான். ஓடையில் நாற்றம் என்று நகராட்சியோ பேரூராட்சியோ ஆள் அனுப்பிய நாள் ஒன்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ரிப்போர்ட் வந்த நாள் இன்னொன்று. இரண்டிலும் முதலாளி கேட்கும் முதல் கேள்வி மாறாது: "புது மிஷின் எதுவும் போடணுமாண்ணே?"

அநேகமாக வேண்டியிருக்காது. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாகிற காரணம் முதலில், காசு தின்கிற காரணம் கடைசியில். வரிசையை மாற்றாமல் பாருங்கள். டிஃப்யூசர் (தொட்டியின் அடியில் காற்றைக் குமிழியாக விடுவது) முழுவதையும் மாற்றிப் போட்டுவிட்டு, பிறகு சல்லடை கிழிந்திருந்ததைக் கண்டுபிடித்த ஆலை எனக்குத் தெரியும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு லிட்டர் அளவு ஜாடி, பிஎச் தாள், பாக்கெட் டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த உப்பைக் காட்டுவது), குளோரின் தாள் (உள்ளே குவாலிட்டி பிரிவில் கேட்டால் கொடுப்பார்கள்), ஒரு வெள்ளை வாளி, டார்ச். இவற்றோடு கன்சென்ட் ஆணையின் (ஆலை ஓட்டவும் கழிவுநீர் விடவும் வாரியம் தரும் அனுமதி) நகல்.

ஆணையில் எல்லோரும் அளவுப் பட்டியலைத்தான் தேடுவார்கள். நான் முதலில் தேடுவது, சுத்திகரித்த நீர் எங்கே போக வேண்டும் என்ற வரியை. ‘சொந்த நிலத்தில் பாசனத்துக்கு’ என்று எழுதியிருக்கும். குழாய் மட்டும் தெரு ஓடையில் தலை நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பன்னீராகவே இருந்தாலும் அது மீறல்தான். போகும் இடத்தைப் பொறுத்து அளவும் மாறும். 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவுப்படி, உள்நாட்டு நீர்நிலைக்குள் விடுவதென்றால் பிஓடி (நீரிலுள்ள கழிவைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், நிலத்தில் பாய்ச்சுவதென்றால் 100, பாதாள சாக்கடைக்கு 350. உங்கள் ஆணையில் இதைவிடக் கடுமையாக இருந்தால் ஆணையில் இருப்பதுதான் கணக்கு.

இன்னொன்று. ஓடை, சாக்கடை இணைப்பு, தொழில் உரிமம் ஆகியவை நகராட்சியின் கையில். கன்சென்ட், சாம்பிள், ஆலையை மூடச் சொல்லும் அதிகாரம் ஆகியவை வாரியத்தின் கையில். ஒருவருக்கு எழுத வேண்டிய பதிலை மற்றவருக்கு எழுதிவிட்டு, "பதில் கொடுத்தாச்சு" என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

## அறிகுறி 1: தெரு ஓடை நாறுகிறது, துப்புரவு ஆய்வாளர் வாசலில் நிற்கிறார்

### முதலில்: அது உங்களுடையதுதானா?

வாதாட வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு ஓடையோரம் நடங்கள். உங்கள் குழாய் சேரும் இடத்துக்கு மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி, இரண்டையும் அவர் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். மேலே உள்ளதிலும் அதே நாற்றம் என்றால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்டுக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். ஐஸ் பிளாண்டில் நாறுவதற்கு என்ன இருக்கிறது? மேலே நூறடி தள்ளி ஒரு விடுதியின் செப்டிக் டேங்க் நிரம்பி ஓடைக்குள் வழிந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்ததும் ஆய்வாளரே நோட்டீஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

### உங்களுடையதுதான் என்றால்

சல்லடை. நண்டு ஓட்டுத் துணுக்கு, கணவாய்த் தோல், இறால் தலை எல்லாம் சல்லடையில் நிற்க வேண்டும். ஓரத்தில் விரல் நுழைகிற அளவு ஓட்டை இருந்தாலும் போதும், எல்லாம் சேகரிப்புத் தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஷிப்டுக்கு இரண்டு தடவை வழித்தெடுக்க ஆள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இரவில் நிறுத்திய ப்ளோயர், அதாவது தொட்டிக்குள் காற்றடிக்கும் மிஷின். நான் அதிகம் காண்பது இதுதான். மீன் ரத்தமும் கழுவிய நீரும் இந்தக் கரை வெயிலில் காற்றில்லாமல் சில மணி நேரம் தேங்கினால் போதும், அழுகிய முட்டை நாற்றம் கிளம்பிவிடும். கரண்டு மிச்சம் பிடிக்க இரவு பத்து மணிக்கு நிறுத்திவிட்டு, காலையில் ஆள் வரும் முன் போட்டுவிடுவார்கள். கேட்டால் "இருபத்திநாலு மணி நேரமும் ஓடுதுண்ணே" என்பார்கள். சொல்லாமல் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் ப்ளோயரின் உடம்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். இரவெல்லாம் ஓடியிருந்தால் அனல் அடிக்கும், தொட முடியாது. பனிக்குச் சில்லென்று இருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

தப்பான இணைப்பு. புதிதாக ஷெட் போடும்போது தரை வடிகாலை மழைநீர்க் கால்வாயில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார் கொத்தனார். உணவுக்குப் போடும் சிவப்புச் சாயத்தை ஒரு வாளியில் கலந்து, ஒவ்வொரு தரைத் துவாரமாக ஊற்றுங்கள். ஒருவர் தொட்டியருகே, ஒருவர் வெளி ஓடையருகே. சிவப்பு எங்கே வருகிறதோ அந்த வழி அங்கே போகிறது. இந்தச் சோதனையை நகராட்சிக்காரர்கள் செய்யும் முன் நீங்கள் செய்துவிடுவது நல்லது. அவர்கள் செய்து சிவப்பு ஓடையில் வந்தால் அதற்குப் பெயர் ‘ரகசியக் குழாய்’.

### தண்ணீர் கறுப்பாக இருந்தால்

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கறுப்பு என்றாலே அழுகல் என்று எழுதிவிடுவார்கள். கணவாய் ஓடுகிற நாட்களில் அது மையாகவும் இருக்கலாம். ஒரு வெள்ளை வாளியில் பாதி எடுத்து, மீன்தொட்டிக்கு வைக்கும் சின்னக் காற்றுப் பம்பை ஒரு மணி நேரம் போட்டு விடுங்கள். அழுகலின் கறுப்பு காற்றுப் பட்டதும் வெளுத்துச் சாம்பலாகும், பழுப்பாகும். கணவாய் மை அப்படியே நிற்கும். தொண்டிப் பக்கம் ஓர் ஆலையில் உதவிப் பொறியாளர் முன்னாலேயே இப்படி இரண்டு வாளி வைத்துக் காட்டினோம். மையாக இருந்தால் அது வெட்டும் மேசையில் தீர வேண்டிய பிரச்சினை: மைப்பையைக் கிழிக்காமல் தனிக் கூடையில் போடச் சொல்லுங்கள். அழுகலாக இருந்தால் மேலே சொன்ன ப்ளோயருக்குத் திரும்புங்கள்.

### எப்போது வெளியாளைக் கூப்பிட வேண்டும்

தொட்டியின் அடியில் சகதி கட்டிவிட்டால். உரிமம் பெற்ற உறிஞ்சு லாரியைத்தான் வரவழைக்க வேண்டும். உள்ளே ஆளை இறக்கக் கூடாது, ‘ரெண்டு நிமிஷம்’ என்றுகூட. மீன் கழிவுத் தொட்டியில் சேரும் வாயு முதலில் மூக்கை மரக்கச் செய்துவிடும்; நாற்றம் இல்லை என்று நினைக்கும் இடத்தில்தான் ஆள் விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். உறிஞ்சு குழாய் அடைத்துக்கொண்டாலும் சரி, குழாயை வெளியே இழுத்து எடுங்கள். செப்டிக் டேங்க், சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

## அறிகுறி 2: ரிப்போர்ட்டில் பிஓடி, மிதக்கும் திடப்பொருள் இரண்டும் கூடுதல்

### சாம்பிள் எடுத்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

இதை முதலில் கேட்கக் காரணம் உண்டு. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, சாம்பிள் எடுப்பவர் அந்த இடத்திலேயே உங்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும். நீங்கள் கேட்டால் சாம்பிளை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் சீல் வைத்து, அவரும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று வாரியத்தின் லேபுக்கு. மற்றது, நீங்கள் கேட்டுக்கொண்டால், சட்டம் குறிப்பிடும் அரசு லேபுக்கு. கேட்காவிட்டால் ஒரே பாட்டில்தான். ரிப்போர்ட் வந்தபின் "பிரித்துத் தரவில்லை" என்று எழுதுவதில் பயனில்லை. கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் சூப்பர்வைசருக்கும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்து வையுங்கள்.

எங்கே எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். தொட்டியின் கடைசி வாயில் எடுத்ததற்கும், ஓடையில் நாலு பேர் தண்ணீரோடு கலந்த பின் எடுத்ததற்கும் வித்தியாசம் உண்டு. பிஓடிக்கு எடுத்த சாம்பிள் ஐஸில் போக வேண்டும். இந்த மாவட்டத்தில் ஐஸுக்கா பஞ்சம்? ஒரு பெட்டி நீங்களே கொடுங்கள்.

### ஜாடிச் சோதனை

நடைமுறை சரி என்றால் ஜாடியை எடுங்கள். காற்றடிக்கும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு, நிழலில் அசையாமல் வைத்து, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். 250லிருந்து 400 மில்லி வரை சாக்லேட் நிறச் சகதி (கழிவைத் தின்னும் பாக்டீரியாக் கூட்டம்தான் அது) படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றால் தொட்டி நலம். ஜாடியைக் கழுவி விடாதீர்கள், இன்னும் ஒன்றரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

படிகிறது, ஆனால் மேல்நீர் பால் கலந்த மாதிரி கலங்கல். பாக்டீரியாவுக்கு அடி விழுந்திருக்கிறது. உள்ளே வரும் நீரில் குளோரின் தாளை நனைத்துப் பாருங்கள், அதுவும் இரவு சுத்தம் செய்யும் நேரத்தில். மண்டபம் அருகே ஓர் ஆலையில் பகலெல்லாம் எதிலும் குறையில்லை. ரிப்போர்ட் மட்டும் மூன்று தடவை தவறியது. ஒரு நாள் இரவு பதினொன்றரைக்குப் போய் நின்றேன். சுத்தம் செய்யும் பெண், கால் நனைக்கும் தொட்டியில் இருந்த பிளீச்சிங் தண்ணீரை வாளி வாளியாகத் தரைத் துவாரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மிச்சத்தைக் கீழதானண்ணே ஊத்தணும்? அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். அவர் மேல் என்ன தப்பு? குவாலிட்டிக்காரர்களுக்குக் கிருமி சாக வேண்டும், எனக்குக் கிருமி வாழ வேண்டும். இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அன்றிலிருந்து அந்த நீரைத் தனி டிரம்மில் பிடித்து, தயோசல்பேட் போட்டு, தாள் நிறம் மாறாததைப் பார்த்தபின் விடுகிறார்கள். செலவு, ஒரு டிரம்.

படியவே மாட்டேன் என்கிறது, ஜாடி முழுக்கப் பஞ்சு. காற்றுப் போதவில்லை, அல்லது எண்ணெய் கூடுதல். தொட்டியின் மேல்பரப்பைப் பாருங்கள். ஓரிடத்தில் உலை கொதிக்கிற மாதிரியும் மூலையில் செத்த மாதிரியும் இருந்தால் டிஃப்யூசர் அடைத்திருக்கிறது. நம் போர் தண்ணீரின் உப்பு அதில் காரை பிடிக்கும். முதலில் காற்று வால்வுகளைச் சரிசமமாகத் திருப்புங்கள். அடுத்து ஒவ்வொரு வரிசையாகத் தூக்கிக் கழுவுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாற்றுங்கள். ஆக்சிஜன் மீட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்த்தபின் மாற்றினால் இன்னும் நல்லது.

நன்றாகப் படிந்து, இரண்டு மணி நேரத்தில் கட்டியாக மேலே மிதந்து வருகிறது. மீனில் புரதம் அதிகம், அதனால் தொட்டியில் நைட்ரேட்டும் அதிகம். படிந்த சகதி கீழே அதிக நேரம் கிடந்தால் குமிழி பிடித்து எழும்பும். படிவுத் தொட்டியிலிருந்து சகதியைத் திருப்பி அனுப்பும் பம்பை இன்னும் அடிக்கடி ஓட்டுங்கள். பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

ஜாடியில் எல்லாம் சரி, ஆனாலும் ரிப்போர்ட் தவறுகிறது. நண்டு அவித்த தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். கழுவிய நீரைவிடப் பல மடங்கு கெட்டி அது. அவித்த சட்டியை ஒரேயடியாகக் கவிழ்த்தால், அரை மணி நேரத்துக்கு எந்தத் தொட்டியும் திணறும். தனியாகப் பிடித்து, ஆறவைத்து, ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

வெளியாள் தேவைப்படுவது, இத்தனையும் பார்த்து இரண்டு வாரம் ஆகியும் ஜாடி மாறாதபோது. அப்போது தொட்டியின் கொள்ளளவே போதாமல் இருக்கலாம். அதைக் கணக்குப் போட வடிவமைப்புப் பொறியாளர் வேண்டும், நானோ ப்ளோயர் விற்பவரோ போதாது.

## அறிகுறி 3: பிஓடி நல்லாயிருக்கிறது, சிஓடி மட்டும் தாறுமாறு

சிஓடி என்பது, கழிவைக் கிருமிக்குப் பதில் ரசாயனத்தால் சிதைத்து அளக்கும் ஆக்சிஜன் தேவை. கடலோரத்துக்கே உரிய கோளாறு இது. பிஓடி 20, சிஓடி 600 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் உடனே பயப்படாதீர்கள். அதே தாளில் குளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். சிஓடி சோதனையில் போடும் டைகுரோமேட்டை உப்பின் குளோரைடும் தின்னும். அதைத் தடுக்க மெர்குரிக் சல்பேட் போடுவார்கள். குளோரைடு 2000 மில்லிகிராமைத் தாண்டினால் வழக்கமான முறையை நம்ப முடியாது. 2000 மில்லிகிராம் குளோரைடு தடுக்கப்படாமல் போனால், இல்லாத சிஓடி 450 போல ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

அங்கீகாரம் பெற்ற தனியார் லேபில், குளோரைடு கூடுதல் என்று முன்கூட்டியே சொல்லி, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் இறங்கினால் இரண்டு ரிப்போர்ட்டையும் வைத்து வாரியத்துக்கு எழுதலாம். இறங்காவிட்டால் சோப்பு, எண்ணெய் பக்கம் தேடுங்கள். ஆனால் ஒன்று: குளோரைடே கூடுதல் என்றால் சிஓடியில் தப்பித்து அடுத்த அறிகுறியில் மாட்டுவீர்கள்.

## அறிகுறி 4: டிடிஎஸ் 2100க்கு மேல்

இங்கே கன்சென்ட் ஆணைகளில் டிடிஎஸ் 2100 என்று இருக்கும். முதல் வேலையாகப் போர் தண்ணீரிலேயே மீட்டரை வையுங்கள். கடற்கரையோரம் 3000 காட்டும் போர் உண்டு. உள்ளே வருவதே 3000 என்றால் உயிரியல் தொட்டி அதைக் குறைக்காது. உப்பைத் தின்னும் பாக்டீரியா கிடையாது. போர் நீரின் லேப் ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டு, தண்ணீர் வரவை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

போர் சரி என்றால் உப்பு ஏறும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: படகிலிருந்து இறங்கும் பெட்டியின் ஐஸ்நீர், உப்புக் கரைசல் தொட்டி, சாஃப்ட்னரைக் (நீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி) கழுவும் நீர், கடைசியாக ஆர்.ஓ. கழிவு. ஆர்.ஓ. கழிவைக் கடைசித் தொட்டியில் கலந்து விடுவது பல ஆலைகளில் பழக்கம். வால்வை ஒரு மணி நேரம் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், எண் சரிந்தால் ஆள் அகப்பட்டார். அந்த நீரைக் காய வைக்கச் சிமென்ட் பாத்தி கட்ட வேண்டியிருக்கும். வெயிலும் காற்றும் நம்மிடம் உண்டு, இடம்தான் வேண்டும்.

நல்ல தண்ணீரைக் கலந்து எண்ணைக் குறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே வரும் மீட்டரையும் வெளியே போகும் மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

## அறிகுறி 5: ஜூன் நடுவில் தொட்டி திடீரென்று செத்தது

ஒவ்வொரு வருடமும் எனக்கு ஜூன் 20க்கு மேல் தூக்கம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. அந்த இரண்டு மாதமும் தொட்டிக்குத் தீனியில்லை, ப்ளோயரையும் நிறுத்திவிடுவார்கள். தடை முடிந்து முதல் மீன் வந்திறங்கிய இரவே முழுச் சுமையும் உள்ளே விழும். பட்டினி கிடந்தவனுக்கு விருந்து போட்ட கதைதான்.

ஜாடியில் 50 மில்லிகூடப் படியவில்லை என்றால் இதுதான் காரணம். காசில்லாத வழி இப்போது இல்லை, அது மே மாதத்தோடு போய்விட்டது. தடைக்காலத்தில் தினமும் கொஞ்சம் வெல்லக் கரைசலும் துளி யூரியாவும் போட்டு, ப்ளோயரை விட்டு விட்டு ஓட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். இப்போது செய்யக்கூடியது, பக்கத்தில் நன்றாக ஓடும் இன்னொரு மீன் ஆலைத் தொட்டியிலிருந்து ஒரு லாரி சகதி வாங்கி விடுவது. மீன் ஆலைச் சகதியாகவே பாருங்கள், உப்புக்குப் பழகியிருக்கும். சாணிக் கரைசலும் உதவும், ஆனால் நாளாகும். முதல் வாரம் பாதிச் சுமைதான். நண்டு அவித்த நீரை அந்த வாரம் உள்ளேயே விடாதீர்கள்.

விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும் என்பதால் இதே கதை சின்ன அளவில் வாரா வாரமும் நடக்கும். சமன்படுத்தும் தொட்டியின் பம்ப் வால்வைக் குறைத்து, ஒரு நாள் நீரை இரண்டு நாளாகப் பரப்பி அனுப்புங்கள். பம்ப் பத்து நிமிடம் ஓடி ஐம்பது நிமிடம் நின்றால் வால்வு அதிகம் திறந்திருக்கிறது.

## அறிகுறி 6: நுரை

வெள்ளை, லேசான நுரை என்றால் சகதி இளசு அல்லது சோப்பு கூடுதல். ஜூன் மாதத்தில் சகஜம், தானே அடங்கும். பழுப்பான, பிசுபிசுப்பான நுரை என்றால் சகதி கிழடு, கொஞ்சம் வெளியேற்றுங்கள். நுரையடக்கி மருந்தை ஊற்றிக்கொண்டே இருப்பது காய்ச்சலுக்குத் தர்மாமீட்டரை உடைப்பது போல.

## அறிகுறி 7: கரையில் எண்ணெய்ப் படலம், பாசி வளர்ப்பவர்கள் புகார்

தென்கடல் பக்கம் இது சீக்கிரம் பெரிதாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா; புகார் நகராட்சியோடு நிற்காது, வனத்துறைக்கும் போகும். பாசி மிதவை கட்டியிருக்கும் பெண்கள் தினமும் இடுப்பளவு நீரில் நிற்பவர்கள். அவர்கள் காலில் பிசுக்கு ஒட்டியது என்றால் ஒட்டியதுதான்.

எண்ணெய் பிரிக்கும் தொட்டியின் மூடியைத் திறங்கள். மேலே கையளவு கனத்தில் மஞ்சள் ஏடு உறைந்திருந்தால், வழித்தெடுத்து வாரக்கணக்கு ஆகிவிட்டது. சாளை ஓடும் நாட்களில் தினமும் வழிக்க வேண்டும். வெந்நீரோடு வரும் எண்ணெய் அந்தத் தொட்டியில் பிரியாது, ஆறியபின்தான் மிதக்கும். தொட்டியே சின்னது என்றால் இன்னொரு அறை கட்டுங்கள், அது கொத்தனார் வேலைதான்.

## அறிகுறி 8: பக்கத்துத் தோட்டக் கிணறு நாறுகிறது

நம் மண் மணல். ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொள்ளும் ஊரில், பூமிக்குள் விட்ட எதுவும் ஒளிந்து கிடக்காது. உறிஞ்சு குழி வைத்திருந்தால் இன்றே அடைத்துவிடுங்கள், அதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை.

குழி இல்லை என்றால் தொட்டி கசியலாம். ஆலை ஓடாத ஒரு நாள் தொட்டியை நிரப்பி, எல்லா வால்வையும் மூடி, நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் இறங்கினால் வெயில் குடித்தது. அதற்கு மேல் என்றால் விரிசல். எந்த உயரத்தில் இறக்கம் நிற்கிறதோ அங்கேதான் விரிசல் இருக்கும். உள்பூச்சு வேலைக்கு ஆள் வர வேண்டும். கிணற்றுக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவில் சொல்வதைவிட அது மேல்.

## அறிகுறி 9: ரெஜிஸ்டரும் மீட்டரும் ஒத்துவரவில்லை என்று எழுதிவிட்டார்கள்

ப்ளோயர் 7.5 குதிரைத்திறன் என்று வையுங்கள், ஏறக்குறைய 5.6 கிலோவாட். ரெஜிஸ்டரில் 20 மணி நேரம் என்று எழுதினால் ஒரு நாளைக்கு 110 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். தொட்டிக்கான தனி மின்மீட்டர் 30 காட்டுகிறது. ஆய்வுக்கு வருபவருக்குத் தொட்டியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரு கால்குலேட்டர் போதும். மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே எண்ணாக எழுதிய ரெஜிஸ்டரை நானே எத்தனையோ பார்த்துவிட்டேன்.

மீட்டர் கெட்டிருக்கலாம், முதலில் அதைச் சரிபாருங்கள். நல்லதாக இருந்தால் பழைய பக்கங்களைத் திருத்தாதீர்கள். இன்றிலிருந்து உண்மையான எண்ணை எழுதுங்கள். ‘கரண்டு இல்லை’, ‘ப்ளோயர் பெல்ட் அறுந்தது’ என்ற வரிகள் இருக்கிற ரெஜிஸ்டரைத்தான் அவர்களும் நம்புவார்கள்.

## அறிகுறி 10: மூடச் சொல்லி உத்தரவு, மின் இணைப்புத் துண்டிப்பு

இந்த இடத்தில் என்னைப் போன்றவரை விட்டுவிட்டு, வாரிய நடைமுறை தெரிந்த ஆலோசகரையும் வழக்கறிஞரையும் பாருங்கள். நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவில் வந்த உத்தரவு என்றால் மேல்முறையீடு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில். நமக்குச் சென்னை அமர்வு. கன்சென்ட் மறுத்த உத்தரவு என்றால் 28ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டு ஆணையத்தில். இரண்டுக்கும் 30 நாள் கணக்கு. உத்தரவு கையில் கிடைத்த தேதியை உறையோடு பத்திரப்படுத்துங்கள்.

இழப்பீட்டுத் தொகையும் தனியாக வரலாம். மத்திய வாரியத்தின் சூத்திரம், ஐந்து எண்களைப் பெருக்குவது. ஆரஞ்சு வகை (மாசின் அளவைப் பொறுத்து வாரியம் ஆலைகளைப் பிரிக்கும் நிறங்களில் ஒன்று) சிறு ஆலைக்கு 50 × 250 × 0.5 × 1, அதாவது நாளுக்கு 6,250 ரூபாய். ஐந்தாவது எண் நாட்கள், அதாலும் பெருக்குவார்கள். 40 நாள் என்றால் இரண்டரை லட்சம்.

அந்த நாட்கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் சரிசெய்த நாளோடு அது நிற்பதில்லை. சரியாகிவிட்டது என்று அவர்கள் வந்து பார்க்கும் வரை ஓடும். எனவே ஜாடி தெளிந்த மறுநாளே மறு ஆய்வு கேட்டுக் கடிதம் கொடுங்கள். ஜாடியின் படம், தனியார் லேப் ரிப்போர்ட், மின்மீட்டர் எண் மூன்றையும் இணையுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பி வராதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை போனால் முத்திரை வைக்கும் ஆள் இருக்க மாட்டார், காலையிலேயே போங்கள்.